கோர்ட் குமாஸ்தாவும் பாஸ்பரஸும் – கடிதம்

ஐயா வணக்கம்,

பெஸ்ஸிமர் பற்றிய கட்டுரையில், எஃகுத் தொழிலின் அடுத்த பெரிய திருப்பத்தை உண்டாக்கியவர் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ் என்ற கோர்ட் குமாஸ்தா என்று எழுதியிருந்தீர்கள். உலையருகே வேலை செய்யாத ஒருவரால் அது எப்படி முடிந்தது? தற்செயலாக அமைந்ததா?

ர., சேலம்

அன்புள்ள ர.,

தற்செயல் அல்ல. எங்கே கைவைக்க வேண்டும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

உருகிய இரும்புக்குள் காற்றை ஊதி எஃகாக்கும் தன் முறையை 1856-இல் பெஸ்ஸிமர் அறிவித்ததும் ஆலைகள் போட்டிபோட்டு உரிமம் வாங்கின. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த எஃகு நொறுங்கியது. தாதுவிலிருந்த பாஸ்பரஸ்தான் காரணம். பாஸ்பரஸ் குறைந்த தாதுவைத் தேடிப் போனார்களே தவிர, அதை நீக்க இருபதாண்டுகள் யாராலும் முடியவில்லை.

தாமஸ் 1850-இல் லண்டனில் பிறந்தவர். தந்தை இறந்ததால் மேற்படிப்பு இல்லை. பகலில் போலீஸ் கோர்ட் வேலை, மாலையில் பிர்க்பெக் கல்லூரியில் வேதியியல் வகுப்பு. பாஸ்பரஸை நீக்குபவர் பெரும் செல்வர் ஆவார் என்று அங்கே சாலனர் என்ற ஆசிரியர் சொன்னதை அவர் விடவேயில்லை.

விடை உலையின் உட்சுவரில் இருந்தது. பாஸ்பரஸ் எரிந்தால் அமில ஆக்சைடு உண்டாகும். சுவரில் பதித்திருந்த சிலிக்காக் கல்லும் அமிலத் தன்மை கொண்டதே. அதனால் பாஸ்பரஸைப் பிடித்துவைக்க அங்கே எதுவும் இல்லை, அது இரும்புக்கே திரும்பியது. அமிலத்துக்கு எதிரான காரத் தன்மை கொண்ட சுண்ணாம்பைப் போட்டால் பிடிக்கும், ஆனால் அதே சுண்ணாம்பு சிலிக்காவையும் தின்றுவிடும். ஆகவே சுவரையே காரப்பொருளால் கட்டவேண்டும். டோலமைட், சுண்ணாம்புக்கல் போன்றவற்றால் ஆன சுவர், உள்ளே மேலும் சுண்ணாம்பு. இரும்பிலுள்ள கரி (கார்பன்) எரிந்து தீர்ந்த பிறகும் சிறிது நேரம் காற்றை ஊத வேண்டும், பாஸ்பரஸின் பெரும்பகுதி அப்போதுதான் இரும்பின் மேல் மிதக்கும் கசடுக்குப் போகிறது. எனக்கு இந்தக் கண்டுபிடிப்பில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: எல்லாரும் இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் பாத்திரத்தைப் பார்த்தார்.

சோதனைகளை வேல்ஸின் பிளெனாவன் இரும்பாலையில் செய்தவர் அவருடைய உறவினரும் வேதியியலாளருமான பெர்சி கில்கிறிஸ்ட். 1878-இல் இரும்பு எஃகுக் கழகக் கூட்டத்தில் தாமஸ் எழுந்து வெற்றியைச் சொன்னபோது யாரும் பொருட்படுத்தவில்லை. 1879 ஏப்ரலில் மிடில்ஸ்பரோவில் பெரிய அளவில் செய்து காட்டியதும் ஐரோப்பிய ஆலைக்காரர்கள் உரிமத்துக்கு ஓடி வந்தார்கள். அதுவரை எஃகுக்கு உதவாத, பாஸ்பரஸ் மிகுந்த லொரேன் (பிரான்ஸ்-ஜெர்மனி எல்லைப் பகுதி) தாது ஜெர்மானிய எஃகுத் தொழிலுக்கு ஆதாரமானது. கசடைப் பொடித்தால் வயலுக்கு நல்ல பாஸ்பேட் உரம்.

தாமஸ் 1885-இல் பாரிஸில் நுரையீரல் நோயால் இறந்தார். வயது 34. சம்பாதித்ததன் பெரும்பகுதியை உழைப்பாளர் நலனுக்குச் செலவிடும் பொறுப்பைத் தங்கையிடம் விட்டுச்சென்றார்.

அவரைப் பற்றிப் படிக்கும்போது பெர்சியையும் சேர்த்துப் படியுங்கள். பிளெனாவனில் அவர் ஒவ்வொரு உருக்கையும் பகுத்துப் பார்த்திராவிட்டால் தாமஸின் யோசனை தாளிலேயே இருந்திருக்கும்.