ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையுடன் பழைய பிளாப்பி டிரைவை இணைக்கும்போது புல்-அப் ரெசிஸ்டர் எதற்கு?

புல்-அப் ரெசிஸ்டர் என்பது, ஒரு கம்பியின் மின்னழுத்தத்தை எந்தக் கருவியும் கீழே இழுக்காத நேரத்தில் 5 வோல்ட்டில் நிறுத்தி வைக்கும் சிறு மின்தடை.

பிளாப்பி டிரைவின் வெளியீட்டுக் கம்பிகளால் மின்னழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்க மட்டுமே முடியும், ஏற்ற முடியாது. ஒரே கேபிளில் இரண்டு டிரைவுகள் மோதிக்கொள்ளாமல் இருக்கச் செய்த அருமையான ஏற்பாடு இது. சுங்கை சிப்புட் காப்பிக்கடையின் ஸ்பிரிங் கதவை நினைத்துக்கொள்ளுங்கள்: கை தள்ளித் திறக்கும், மூடுவது ஸ்பிரிங்தான். இங்கே ஸ்பிரிங்தான் ரெசிஸ்டர்.

தோட்ட அலுவலகக் கணினியில் கழற்றிய 3.5 அங்குல டிரைவானால், 34 ஊசிகளில் டேட்டா வரும் 30ஆம் ஊசிக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே 1 கிலோ ஓம் போடுங்கள்.

ஆர்டுயினோ ஊனோவின் உள் புல்-அப்பே போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது 20 முதல் 50 கிலோ ஓம் வரையிலான தளர்ந்த ஸ்பிரிங், கம்பி மேலேறி முடிவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும்.