பழைய மர ரயில் பாலம் இன்னும் தாங்குமா? கேள்வி பதில்

மர ரயில் பாலங்களைச் சோதிப்பது பல வருடமாக என் வேலை. வந்த கேள்விகளில் எனக்கு விஷயம் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கே: ரயிலையே தாங்கிய பாலம், நாலு பேர் நடந்தால் தாங்காதா?

ரயிலைத் தாங்கியது அன்றைய மரம். ரயில் நின்ற அன்றே பராமரிப்பும் நின்றிருக்கும், அதற்கப்புறம் எத்தனை மழை இறங்கியது என்பதுதான் இப்போது முக்கியம். கனடாவில் வான்கூவர் தீவில் இருக்கும் கின்சோல் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-ல் கட்டி முடித்தது, 44 மீட்டர் உயரம், கடைசி ரயில் போனது 1979-ல். நடப்பவர்களுக்கு அதைத் திறந்தது 2011-ல்தான், அதுவும் பெரிய சீரமைப்புக்குப் பிறகு. இன்னொன்று, பாலம் மொத்தமாக விழ வேண்டியதில்லை. காலுக்கடியில் ஒரு ஸ்லீப்பர் கட்டை (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடுவது) இற்றுப்போயிருந்தாலே ஆள் கீழே போய்விடுவார்.

கே: சோதனையை எங்கிருந்து ஆரம்பிப்பது?

கீழேயிருந்து. எல்லோரும் மேலே ஏறி நின்று பார்க்கிறார்கள், அதனால் ஒன்றும் தெரியாது. எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் மரத்தைப் பூஞ்சை தொடாது, அதற்குக் காற்று வேண்டும். காய்ந்தே இருக்கும் மரத்தையும் தொடாது. ஈரமும் காற்றும் சேர்கிற இடம், அதாவது மண்மட்டமும் நீர்மட்டமும்தான், மக்கும் இடம். பாலத்தின் ஒவ்வொரு தூணையும் சுற்றி அரை மீட்டராவது மண்ணைத் தோண்டிவிட்டு, சுத்தியலால் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். நல்ல மரத்தில் சுத்தியல் எகிறும், சத்தம் கணீரென்று வரும். உள்ளே மக்கிப்போயிருந்தால் தொப்பென்று அமுங்கும். சந்தேகமான இடத்தில் குத்தூசியைச் சாய்வாக ஏற்றி நெம்பிப் பாருங்கள். நல்ல மரம் நீள நீளமான சிராயாகக் கிழிந்து வரும், மக்கிய மரம் ஊசிக்கு மேலேயே பிஸ்கட் மாதிரி குறுக்கே ஒடியும்.

சுத்தியலை மட்டும் நம்பாதீர்கள். மக்காமல் இருக்க ஏற்றும் கிரியோசோட் எண்ணெய் மரத்தின் வெளிப்புறத்தில் சில சென்டிமீட்டர்தான் ஊறியிருக்கும். போல்ட் துளை, ஆழமான வெடிப்பு, வெட்டிய தலைப்பு வழியாகத் தண்ணீர் இறங்கி நடுமரம் மக்கிப்போயிருக்க, வெளியே கருப்பாக, கெட்டியாகவே தெரியும். மெல்லிய டிரில்லால் துளைத்துப் பார்ப்பதுதான் வழி. பிட் திடீரென்று வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் அங்கே பொந்து. பார்த்த துளையை மருந்தேற்றிய மர ஆணியால் அடைத்துவிடுங்கள்.

கே: போட்டோ அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்ல முடியுமா?

முடியாது. மேலே சொன்னதில் எதுவும் போட்டோவில் தெரியாது.

கே: ஈரம் பார்க்கும் மீட்டர் 17 சதவீதம் காட்டுகிறது, நல்லதுதானே?

20-க்குக் கீழே பூஞ்சை வளராது, சரி. ஆனால் அது இன்றைய ஈரம், நீங்கள் ஊசி வைத்த இடத்து ஈரம். மழை விட்ட பிறகு, மரமும் மரமும் சேரும் இடங்களில் வைத்துப் பாருங்கள்.

கே: பொந்தைப் பற்றி ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள் சார்? 30 செ.மீ. தூணில் நடுவே 15 செ.மீ. பொந்து இருந்தால், வளைவைத் தாங்கும் திறன் 6 சதவீதம்தான் குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கணக்கு சரி. இதே தூண் வெளியே சுற்றிலும் இரண்டரை செ.மீ. தேய்ந்து 25 ஆனால் வளைவுத் திறனில் 42 சதவீதம் போய்விடும், அதனால் வெளித்தேய்வு மோசம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாலத்தின் கால் முதலில் பாரத்தை நேராக இறக்கத்தான் நிற்கிறது. அதற்குப் பரப்பளவு வேண்டும். உங்கள் பொந்தில் 25 சதவீதம் பரப்பு போயிற்று. மீதி வளையம் மேலே குறுக்கே கிடக்கும் கட்டையை அழுத்துகிறது. அந்தக் கட்டை நாருக்குக் குறுக்காக அழுத்தம் வாங்குகிறது, அந்தத் திசையில் மரம் ரொம்பப் பலவீனம். வளையம் அதில் பதிந்து இறங்கியிருப்பதை நானே விரல் விட்டுத் தடவிப் பார்த்திருக்கிறேன்.

கே: (அவரே) அப்படியானால் கட்டையை மாற்றினால் போதுமே, தூணை ஏன் குறை சொல்ல வேண்டும்?

போதாது. உங்கள் கணக்கில் பொந்து நட்டநடுவே வட்டமாக இருக்கிறது. மரத்தில் அது ஒரு பக்கம் ஒதுங்கித்தான் இருக்கும், ஒரு பக்கம் பன்னிரண்டு செ.மீ. சுவர், எதிர்ப்பக்கம் மூன்று. அதன் குறுக்கே போன போல்ட்டுக்கும் பிடி இருக்காது. பொந்தைச் சுற்றி நல்லதாகத் தெரியும் மரத்திலும் பூஞ்சை பரவியிருக்கும். மரத்தைப் பழுப்பாக்கி உதிரவைக்கும் பழுப்பு மக்கலில் எடை பத்து சதவீதம்கூடக் குறையாத கட்டத்திலேயே அதிர்ச்சி தாங்கும் வலு பாதிக்கு மேல் போய்விடும்.

கே: மேலே கான்கிரீட் போட்டுவிட்டால்?

வேண்டவே வேண்டாம். 10 செ.மீ. கான்கிரீட் சதுர மீட்டருக்கு 240 கிலோ, அதுவும் ராத்திரி பகலாக இறங்காத பாரம். மரம் சில நிமிடம் தாங்குகிற பாரத்தில் 60 சதவீதத்தைத்தான் பத்து வருடம் தொடர்ந்து தாங்கும் என்று வைத்துக் கணக்கிடுகிறோம். அடியில் தேங்கும் ஈரம் வேறு.

கே: வெள்ளத்தில் தூணடி மண் அரித்துவிட்டது, மரம் நன்றாகத்தான் இருக்கிறது.

மரம் நன்றாக இருந்தும் பாலம் போகும் வழி இதுதான். தூணில் மண் பிடிப்பில்லாத நீளம் இரண்டு மடங்கானால், நெளியாமல் தாங்கும் பாரம் நாலில் ஒன்றாகிவிடும். யாரையும் மேலே விடாதீர்கள், முதலில் அரிப்பின் ஆழத்தை அளந்து பாருங்கள்.

கே: கடலோரப் பாலம் என்றால்?

கப்பல் புழு தண்ணீருக்கடியிலேயே மரத்தைக் குடைந்துவிடும். நான் ஆற்றுப் பாலக்காரன், அதற்கு மூழ்கிச் சோதிப்பவர்களைக் கேளுங்கள்.

கே: இந்தப் படத்தையாவது பாருங்களேன், இது கிட்டத்தில் எடுத்தது.

ஏற்கெனவே சொல்லிவிட்டேன். சுத்தியலை எடுத்துக்கொண்டு, கூட ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கே: (பொந்துக் கணக்கு நண்பர்) சரி, ஒரு தூணுக்கு எத்தனை துளை போடுவது?

மண்மட்டத்தில் இரண்டு, ஒன்றுக்கொன்று செங்குத்தாக, மறுபுறம் வரை. நாலு பக்கச் சுவர் கனமும் கிடைக்கும். நாலில் எது குறைச்சலோ அதை வைத்துக் கணக்குப் போடுங்கள், சராசரி எடுக்காதீர்கள். அப்புறம் துளைகளை அடைத்துவிட்டு வாருங்கள்.