சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் திறன்: மனநல மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் இருப்பது உறுதியாகிவிட்டது. இனி அவருடைய சிகிச்சைக்கு நாங்கள்தான் ஒப்புதல் கையெழுத்து போட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. நோயின் பெயரை மட்டும் வைத்து ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று தீர்மானிக்க முடியாது. 1993ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு வழக்கு வந்தது. பிராட்மூர் மனநல மருத்துவமனையில் இருந்த ஒருவருக்குக் கால் அழுகத் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே வெட்டியெடுக்காவிட்டால் உயிர் பிழைப்பது அரிது என்று அறுவைச் சிகிச்சை நிபுணர் கூறினார். மனச்சிதைவு நோயாளியான அவர், தான் உலகப் புகழ்பெற்ற மருத்துவர் என்று நம்பிக்கொண்டிருந்தார். ஆனாலும் கால் பற்றிய தகவலை அவர் புரிந்துகொண்டார், அதை நம்பினார், சாதக பாதகங்களை எடைபோட்டே மறுத்தார் என்று கண்ட நீதிமன்றம், அவருடைய ஒப்புதலின்றிக் காலை எடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. உங்கள் அண்ணனைப் பொறுத்தவரையிலும் கேட்க வேண்டியது, இந்தக் குறிப்பிட்ட சிகிச்சையைப் பற்றி இப்போது அவரால் முடிவெடுக்க முடிகிறதா என்பதுதான்.

கேள்வி: அந்தத் திறனை மருத்துவர் எப்படி அளக்கிறார்? அது வெறும் அபிப்பிராயம்தானே?

பதில்: அபிப்பிராயத்துக்கு இடம் உண்டு, ஆனால் வெறும் அபிப்பிராயம் அல்ல. அமெரிக்காவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஆப்பெல்பாம், உளவியலாளர் கிரிஸ்ஸோ இருவரும் வகுத்த முறையை நாங்கள் பெரிதும் பின்பற்றுகிறோம். சொல்லப்பட்டதைப் புரிந்துகொள்ளுதல், அது தனக்குப் பொருந்துவதை உணர்தல், காரணங்களை ஒப்பிட்டு எடைபோடுதல், தன் தேர்வைத் தெரிவித்தல் ஆகிய நான்கையும் அது பார்க்கிறது. அவர்கள் உருவாக்கிய மெக்கேட்-டி என்ற நேர்காணல் முறைக்குச் சுமார் 20 நிமிடம் போதும். அதில் தேர்ச்சி மதிப்பெண் என்று ஒன்று கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும்.

நடைமுறையில் பெரும்பாலும் சிக்கல் எழுவது இரண்டாவதில். மாத்திரையின் பலனையும் பக்கவிளைவையும் பிசகில்லாமல் திருப்பிச் சொல்லும் ஒருவர், “இதெல்லாம் நோயாளிகளுக்கு டாக்டர், எனக்குத்தான் நோயே இல்லையே” என்று முடித்துவிடுவார். கடும் மனச்சோர்வில் இருப்பவரோ எல்லாவற்றையும் புரிந்துகொண்டும், தான் குணமாகத் தகுதியற்றவர் என்ற உறுதியில் மருந்தை மறுப்பார். முதலாமவருக்குப் புரிதல் இருந்தும் பொருத்திப் பார்க்க முடியவில்லை. இரண்டாமவருடைய எடைபோடும் தராசையே நோய் சாய்த்துவிட்டது. அதற்காக, மருத்துவரோடு முரண்படுகிற ஒவ்வொருவரையும் திறனற்றவர் என்று எழுதிவிடக் கூடாது. முன்பு இதே மருந்தால் கைநடுக்கமும் உடல் பருமனும் வந்ததால் வேண்டாம் என்கிறவர், நான் ஏற்காத முடிவை எடுத்திருந்தாலும், திறனோடுதான் எடுத்திருக்கிறார். பிறர் கண்ணுக்குத் தவறாகத் தெரியும் முடிவு என்பதாலேயே திறன் இல்லை என்று ஆகாது என்பதை இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது.

கேள்வி: மனநலப் பிரிவில் உள்ள நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இந்தத் திறன் இருக்காது என்பது உண்மையா?

பதில்: இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான மதிப்பாய்வு ஒன்றில், மனநலப் பிரிவு உள்நோயாளிகளில் திறனற்றவர்களின் இடைநிலை அளவு, அதாவது ஆய்வு முடிவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு, 29 விழுக்காடு. பொது மருத்துவப் பிரிவில் அவசரமாகச் சேர்க்கப்பட்டவர்களை ஆராய்ந்த 2004ஆம் ஆண்டின் லண்டன் ஆய்வில் குறைந்தது 40 விழுக்காட்டினருக்குத் திறன் இல்லை; அங்கே யாரும் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை.

கேள்வி: அம்மா மருத்துவமனையில் எதைக் கேட்டாலும் “சரி” என்கிறார். மறுப்பவரைத்தானே சோதிக்க வேண்டும்?

பதில்: மறுப்பவரை எல்லோரும் சோதிக்கிறார்கள், சம்மதிப்பவரை விட்டுவிடுகிறார்கள், இந்தத் துறையில் நான் அதிகம் வருந்துவது இதற்காகத்தான். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மனக்குழப்பத்தோடு நெடுஞ்சாலையோரம் அலைந்த ஒருவர், தான் சொர்க்கத்துக்கு வந்துவிட்டதாக எண்ணியபடியே, தன் விருப்பத்தின் பேரில் மனநல மருத்துவமனையில் சேர்வதாகச் சொல்லும் படிவங்களில் கையெழுத்திட்டார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, அவர் நஷ்டஈடு கோரி வழக்குத் தொடரலாம் என்று 1990இல் தீர்ப்பானது. உங்கள் அம்மாவிடம் “சரியா?” என்று கேட்பதை விட்டு, “எதற்காக இந்தச் சிகிச்சை என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்” என்று மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: திறன் ஒருமுறை போனால் போனதுதானா?

பதில்: இல்லை. மன எழுச்சி (அளவுகடந்த உற்சாகமும் பரபரப்பும் கொண்ட நோய்நிலை) தணிந்ததும், மனச்சோர்வு விலகியதும் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆகவே மறுபடி மதிப்பிட வேண்டும். தெளிவாக இருக்கும் நாட்களில், தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை எழுதிவைக்கவும் பல நாட்டுச் சட்டங்கள் இடம் தருகின்றன.

கேள்வி: தம்பி மருந்தைத் தொடவே மறுக்கிறான். அவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து தரலாமா?

பதில்: உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் அவருக்கு முடிவெடுக்கும் திறன் இருந்தால் அது கூடாது. திறன் இல்லையென்றாலும், அதை வீட்டார் தாமாகத் தீர்மானிக்க இயலாது. மருத்துவர் நேரில் மதிப்பிட்டு, சட்டம் அனுமதிக்கும் வழியில் முடிவெடுத்து, அதைப் பதிவும் செய்ய வேண்டும். சில மருந்துகளுக்கு இரத்தப் பரிசோதனை தேவைப்படும் என்பதால், மறைத்துக் கொடுப்பது உடலுக்கும் ஆபத்து. மாதம் ஒருமுறை போடும் ஊசி போன்ற மாற்று வழிகளைப் பற்றி முதலில் அவரிடமே நேராகப் பேசிப் பாருங்கள்.