சாலையில் வரும் இடர்களைப் பதறாமல் முறையாகக் கையாளக் கற்பது எப்படி?

உரிமம் பெற்ற பிறகும், ஏதேனும் குறுக்கிட்டால் பிரேக்கை மிதிப்பதைத் தவிர வேறொன்றும் தோன்றுவதில்லை என்றும், இதற்கென்று முறையான பயிற்சி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நான் பின்பற்றுவது, 1930களில் லண்டன் பெருநகரக் காவல்துறையின் ஹெண்டன் ஓட்டுநர் பள்ளியில் உருவான முறை. அதன் திருத்திய வடிவத்தையே பிரிட்டன் காவல்துறையினர் இன்றும் கற்கின்றனர்.

தகவல், நிலை, வேகம், கியர், முடுக்கம் என்று அதற்கு ஐந்து படிகள். எதிரில் இருப்பது வளைவானாலும் சந்திப்பானாலும் நனைந்த இறக்கமானாலும் வரிசை மாறுவதில்லை. தேவைப்படாத படியை விட்டுவிடலாம். ஆனால் முன்பின்னாகச் செய்யக்கூடாது. முதல் படியான தகவல், மற்ற நான்கும் நடக்கும்போதும் நிற்காமல் தொடர வேண்டியது. பார்ப்பது மட்டுமன்றி, இண்டிகேட்டர், ஹார்ன் வழியாகப் பிறருக்குத் தெரிவிப்பதும் அதில் அடங்கும்.

நின்றிருக்கும் பேருந்து ஒன்றைக் கடப்பதாக வைத்துக்கொள்வோம். தொலைவிலேயே அதன் அடிப்பகுதியைப் பார்த்தால், மறுபுறம் நடப்பவர்களின் கால்கள் தெரியும். முன்சக்கரம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் அது கிளம்பப்போகிறது என்று பொருள். பின்னால் வருபவரைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பேருந்திலிருந்து இயன்ற அளவு விலகிய நிலைக்கு வருகிறீர்கள். எதிரே வண்டி வருவதால் விலக இடமில்லையென்றால், அந்தக் குறையை வேகத்தைக் குறைத்தே ஈடுகட்ட வேண்டும். அந்த வேகத்துக்குரிய கியருக்கு மாறுவது அதன் பிறகுதான். பேருந்தின் முன்புறம் மறைந்திருந்த இடம் கண்ணுக்குத் தெரிந்தபின்பே ஆக்சிலரேட்டரை அழுத்துகிறீர்கள். பெரும்பாலானோர் நிலை என்ற படியைப் பொருட்படுத்துவதே இல்லை. என் கணிப்பில் மிக அதிகப் பயன் தருவது அதுதான், ஏனெனில் சற்று விலகி நின்றாலே பார்வையும் கூடுகிறது, பிறர் கண்ணிலும் முன்னதாகப் படுகிறோம்.

வேகத்தை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியதற்குக் கணக்கே சான்று. மணிக்கு 60 கிலோமீட்டரில் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தை உணர்ந்து காலைப் பிரேக்குக்குக் கொண்டுவர ஒன்றரை நொடி ஆனால், பிரேக் பிடிக்கும் முன்பே 25 மீட்டர் போய்விடும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும்.

வளைவுகளில் இதைக் கண்ணாலேயே அளக்கலாம். சாலையின் இரு ஓரங்களும் ஒன்றுசேர்வதுபோல் தோன்றும் புள்ளியைக் கவனியுங்கள். நீங்கள் நெருங்க நெருங்க அது அசையாமல் நின்றால் வளைவு இறுக்கமானது, வேகத்தைக் குறைக்க வேண்டும். உங்கள் வேகத்திலேயே விலகிச் சென்றால் அதே வேகம் போதும். உங்களைவிட விரைந்து விலகினால் வளைவு நிமிர்கிறது. தடையின்றித் தெரியும் தூரத்துக்குள், நம் பக்கத்திலேயே வண்டியை நிறுத்த முடிய வேண்டும் என்பதே எல்லை.

பயிற்சிக்கு, காண்பதையும் அடுத்துச் செய்யப்போவதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவதைப் பரிந்துரைப்பேன். உடன் வருபவருக்குச் சிரிப்பாக இருக்கும், பொருட்படுத்த வேண்டாம். கடந்துபோனவற்றையே சொல்லிக்கொண்டிருந்தால், பார்வை வண்டிக்கு மிக அருகில் நிற்கிறது என்று அறியலாம். பேச்சே கவனத்தைச் சிதறடித்தால், முதலில் பிறர் ஓட்டும் வண்டியில் பக்கத்து இருக்கையிலிருந்து மனத்துக்குள் சொல்லிப் பழகலாம். முன்செல்லும் வண்டிக்குக் குறைந்தது இரண்டு நொடியும், ஈரச்சாலையில் நான்கு நொடியும் இடைவெளி விட்டால்தான் இப்படி யோசிக்கவே நேரம் கிடைக்கும்.

உங்களுடையது ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் கியர் படியில் பெரும்பாலும் வேலை இருக்காது. நீண்ட இறக்கங்களில் மட்டும், இறங்கத் தொடங்கும் முன்பே குறைந்த கியரைத் தேர்ந்துகொள்ளுங்கள்.