காசு கொடுத்துச் சனியை வாங்கியவன் பதில் சொல்கிறேன்

கேள்வி: அமெரிக்காவில் சாட்டர்ன் என்று ஒரு கார் இருந்ததாமே, ஏன் மூடினார்கள்? பழைய சாட்டர்ன் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா?

கேட்டவர் அமெரிக்காவுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். கையில் ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் டாலர் இருக்கும். பஸ் வராத ஊர். அறையில் கார் வைத்திருக்கும் ஒரே ஆளிடம் "கடைக்குப் போகும்போது சொல்லு, நானும் வரேன்" என்று கேட்டுக் கேட்டு வெட்கம் விட்டுப் போயிருக்கும். நாங்களும் அந்த வழியாக வந்தவர்கள்தான்.

எனக்கு முன்னால் பதில் எழுதிய ஒருவர் "பிளாஸ்டிக் டப்பா, கிட்டவே போகாதே" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார். அவர் அதில் எத்தனை மைல் போனார் என்று சொல்லவில்லை. நான் பதினோரு வருடம் ஓட்டினேன். அதனால்தான் ராத்திரி தூங்காமல் இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் மெக்கானிக் இல்லை, சாட்டர்னைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸில் எனக்குப் பங்கு கிங்கு எதுவும் இல்லை. டொயோட்டா, ஹோண்டாக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். இப்போது என் வாசலில் நிற்பதும் ஜப்பான் வண்டிதான்.

2000-ஆம் வருடம். டென்னசி மாநிலத்தில் நாஷ்வில்லில் வேலை. அப்பாவும் அம்மாவும் விருதுநகரிலிருந்து ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்திருந்தார்கள். அதுவரை ஓட்டிய பழைய வண்டி நடுரோட்டில் உயிரை விட்டதால், முதல்முறையாகப் புதுக் கார் வாங்கலாம் என்று கிளம்பினேன். முதலில் போன விற்பனையகம் எது, என்ன பிராண்டு என்பதெல்லாம் வேண்டாம். மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். "மேனேஜரிடம் பேசிவிட்டு வருகிறேன்" என்று அந்த ஆள் நாலு தடவை உள்ளே போனான். ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும் கணக்கில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. என் விசாவைப் பார்த்ததும் கடன் வட்டி ஏறியது. எழுந்து வந்துவிட்டேன்.

வேலையிடத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள், ஓய்வுபெறும் வயது, "சாட்டர்னுக்குப் போ, அங்கே பேரமே கிடையாது" என்றார். வீட்டில் வந்து சொன்னேன். விளம்பரத் தாளில் சிவப்புச் சதுரத்துக்குள் வளையம் போட்ட ஒரு சின்னம். அம்மா அதைப் பார்த்து "என்னடா இது வளையம்?" என்று கேட்க, நான் யோசிக்காமல் "சனி கிரகம்மா" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவ்வளவுதான். "சனியனை யாராவது விலை கொடுத்து வாங்குவானாடா?" குச்சனூர் போய் எள் தீபம் போட்டு ஏழரை வருடத்தை ஒருவழியாகக் கடத்திய மனுஷி. சந்திரனுக்கு ஆளை அனுப்பிய ராக்கெட்டின் பெயர் சாட்டர்ன், அதை வைத்துத்தான் காருக்கும் பெயர் வைத்தார்கள் என்று விளக்கிப் பார்த்தேன். "ராக்கெட்டுக்கு யார் பேர வச்சாங்க?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியில் அப்பாதான், "சனி மாதிரி கெடுப்பவனும் இல்லை, கொடுப்பவனும் இல்லை, போய்ப் பார்ப்போம்" என்று முடித்து வைத்தார். சனிக்கிழமை மட்டும் வேண்டாம் என்ற நிபந்தனையோடு.

அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். கத்தரிக்காய் வாங்கினாலும் கருவேப்பிலை இலவசமாக வாங்காமல் நகர மாட்டார். கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டில் பன்னிரண்டாயிரம் டாலருக்குப் பக்கத்தில் ஒரு தொகை. "ஐந்நூறு குறைக்கச் சொல்லு" என்றார். நான் நெளிந்துகொண்டே கேட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, யார் வந்தாலும் இதே விலைதான் சார் என்றாள். "காலில் போடுற மேட்டாவது சும்மா தரச் சொல்லு." அதுவும் நடக்கவில்லை. அப்பாவின் முகம் தொங்கிவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாதி தூரம் பேசவில்லை. அப்புறம் அவராகவே, "எனக்கு முன்னாடி வந்தவனுக்கும் இதே ரேட்டுன்னா சரிதான். நான் ஏமாறல" என்றார்.

சாட்டர்ன் என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். என் நிறம், என் உச்சரிப்பு, என் விசா எதுவும் அந்த விலைச்சீட்டில் ஒரு டாலரைக்கூட மாற்றவில்லை. இதை எழுதும்போது சென்னையில் நான் வாங்கிய அடுக்குமாடி வீடு ஞாபகத்துக்கு வந்து வயிறு எரிகிறது. சதுர அடிக்கு ஒரு விலை சொல்லி, அப்புறம் கார் நிறுத்த ஒரு விலை, தண்ணீர் இணைப்புக்கு ஒரு விலை, கிழக்குப் பார்த்த வாசலுக்கு ஒரு விலை. கிழக்கு என்ன அந்த பில்டர் கட்டியதா? சாவி கைக்கு வர மூன்று வருடம் தாமதம். கேட்டால் மணல் தட்டுப்பாடு. சரி, அது வேறு கதை, விடுங்கள்.

வண்டி எடுக்கப் போன வியாழக்கிழமை. சாட்டர்னில் ஒரு வழக்கம் இருந்தது. புதுக் காரை ஒப்படைக்கும்போது கடையில் வேலை பார்க்கும் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து சுற்றி நின்று கைதட்டிக் கூவுவார்கள், போலராய்டு கேமராவில் போட்டோ எடுத்துக் கையில் கொடுப்பார்கள். இது எங்களுக்குத் தெரியாது. அம்மா முந்தானையில் நாலு எலுமிச்சம்பழம் முடிந்து கொண்டு வந்திருந்தார். குனிந்து ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒன்றாக வைக்க ஆரம்பித்ததும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. அமெரிக்காவில் லெமன் என்றால் பழுதான கார் என்று அர்த்தம். கார் விற்கும் இடத்தில் போய் காருக்கு அடியில் லெமன் வைத்தால் எப்படி இருக்கும்? நான் பதறிப்போய், இது திருஷ்டி கழிக்கிறது, எங்கள் ஊர் வழக்கம் என்று விளக்கினேன். அவள் உள்ளே திரும்பி ஏதோ சொல்ல, கிரீஸ் கையோடு ஒரு மெக்கானிக்கும் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார். நாலும் நசுங்கியதும் அவர்கள் போட்ட கூச்சலில் அப்பா என்னவோ பூஜை நடக்கிறது என்று நினைத்துக் கையைக் கூப்பிவிட்டார். போட்டோவில் அப்படியேதான் இருக்கிறார்.

நாஷ்வில்லுக்குத் தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் ஸ்பிரிங் ஹில் என்ற சின்ன ஊர். சாட்டர்ன் பிறந்த தொழிற்சாலை அங்கேதான். ஜப்பான் சின்னக் கார்களுக்குப் போட்டியாகத் தொடக்கத்திலிருந்தே புதிதாக ஒன்று செய்ய வேண்டும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் 1985-இல் இதைத் தனிக் கம்பெனியாகவே ஆரம்பித்தது. முதல் கார் 1990 ஜூலை 30 அன்று வெளியே வந்தது. அப்போதைய தலைவர் ரோஜர் ஸ்மித்தும் தொழிற்சங்கத் தலைவர் ஓவன் பீபரும் ஒன்றாக அதில் வந்தார்கள். தொழிலாளர்களுக்கும் நிர்வாகத்துக்கும் மற்ற ஆலைகளில் இருந்த தடிமனான ஒப்பந்தம் இங்கே இல்லை. சட்டைப் பையில் வைக்கிற அளவு சின்ன ஒப்பந்தம். முடிவுகளை இரண்டு தரப்பும் சேர்ந்து எடுக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அந்தப் பக்கம் கூட்டிப் போனேன். நெடுஞ்சாலையிலிருந்து ஆலைக்குப் பிரியும் சாலைக்கே சாட்டர்ன் பார்க்வே என்று பெயர். ஒப்பந்த விஷயத்தைச் சொன்னதும் பழைய யூனியன்காரர் கண் விரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "தலைமை ஆபீஸ் இத ரொம்ப நாள் விட்டு வைக்காது" என்றார். ஏன் என்றேன். "ஒரு கோட்டம் மட்டும் நல்ல பேர் வாங்கினா மத்த கோட்டக்காரன் சும்மா இருப்பானா?"

கிட்டத்தட்ட அதேதான் நடந்தது. சாட்டர்னுக்குக் கொட்டிய பணத்தை எங்களுக்குக் கொடுத்திருந்தால் என்று மற்ற பிரிவுகள் முணுமுணுத்தன. 1991-இல் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் தவறாக ஊற்றப்பட்ட ஏறத்தாழ 1,800 கார்களுக்குப் பழுதுபார்க்காமல் வேறு புதுக் காரே கொடுத்தார்கள். 1994-இல் ஸ்பிரிங் ஹில்லுக்கு வாருங்கள் என்று உரிமையாளர்களைக் கூப்பிட்டபோது 40,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ஒரு சாதாரணச் சின்னக் காருக்காக, விடுமுறை போட்டு, குடும்பத்தோடு! இவ்வளவு பேர் விரும்பிய கம்பெனிக்கு இரண்டாவது மாடலைக் கொடுக்க ஏறக்குறைய பத்து வருடம் எடுத்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு முன் வாங்கியவனுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டன. பெரிய கார் கேட்டு வந்தவனுக்குக் காட்ட எதுவும் இல்லை. கடைசியில் 2000 மாடலாக வந்த எல் வரிசை என்ற பெரிய காரும், அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் வசம் இருந்த ஜெர்மன் கம்பெனி ஓப்பெலின் காரை அடிப்படையாக வைத்தது, அதைக் கட்டியதும் டெலவேர் ஆலையில். ஸ்பிரிங் ஹில்லின் தனித்துவம் ஒவ்வொன்றாகக் கழன்றது.

காரைப் பற்றிச் சொல்கிறேன். என்னுடையது எஸ் வரிசையில் எஸ்.எல்.1. 1.9 லிட்டர், 100 குதிரைத்திறன். ஏசி போட்டுக்கொண்டு மேடு ஏறினால் முனகும். பிளாஸ்டிக் என்று கிண்டல் செய்கிறார்களே, கதவும் பக்கவாட்டுத் தகடுகளும்தான் பிளாஸ்டிக். உள்ளே இரும்புச் சட்டம் இருக்கிறது. கடை வாசலில் தள்ளுவண்டி வந்து இடித்தால் கதவு உள்ளே போய்த் திரும்பி வந்துவிடும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் என் பையன் அவர்களை வெளியே இழுத்துப் போய்க் கதவை எட்டி உதைத்துக் காட்டுவான். வெயிலில் பிளாஸ்டிக் விரியும் என்பதால் தகடுகளுக்கு இடையே விரல் நுழைகிற மாதிரி இடைவெளி விட்டிருப்பார்கள், பார்க்க அழகாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். பானெட்டும் கூரையும் இரும்பு. ஒரு வசந்த காலத்தில் கோலிக்குண்டு அளவு ஆலங்கட்டி மழை கொட்டியது. கதவில் ஒரு கீறல் இல்லை, பானெட் மட்டும் பணியாரக் கல் மாதிரி ஆகிவிட்டது.

இந்த எஞ்சினுக்கு வயதானால் ஆயில் குடிக்கும் என்பது சாட்டர்ன்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். கீழே ஒரு சொட்டும் ஒழுகாது, புகையும் பெரிதாகத் தெரியாது, ஆனால் அளவு குறைந்துகொண்டே போகும். தெரிந்தவர்கள் டிக்கியில் எப்போதும் ஒரு ஆயில் கேன் வைத்திருப்பார்கள். எனக்கும் தெரியும். இருந்தும் ஒரு குளிர்காலத்தில் இரண்டு மாதம் ஆயில் அளவு காட்டும் குச்சியை உருவிப் பார்க்காமல் சோம்பலாக இருந்துவிட்டேன். விளக்கு எரிந்த பிறகு உருவினால் நுனியில்கூட ஈரம் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. இரண்டு கேன் ஊற்றினேன், வண்டி எதுவும் நடக்காத மாதிரி கிளம்பியது. அதில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் செலவும் வைக்கவில்லை.

2009 ஜூன் முதல் தேதி ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு கொடுத்தது. சாட்டர்னை பென்ஸ்கி என்ற விற்பனைக் குழுமம் வாங்கப்போகிறது என்று அதே வாரம் செய்தி வந்ததும் நாங்கள் எல்லாம் மூச்சு விட்டோம். காரை வேறு ஒரு கம்பெனி செய்து கொடுக்க வேண்டும் என்பது திட்டம். அந்தப் பேச்சு முறிந்து, செப்டம்பர் 30 அன்று பென்ஸ்கி விலகிக்கொண்டது. அதோடு சாட்டர்னை மூடிவிட்டார்கள். எங்களை வழியனுப்பக் கைதட்டிய அந்தக் கடையில் ஒரு நாள் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய் யாரையாவது பார்க்க வேண்டும் என்று தோன்றியது, போகவில்லை. 2011-இல் என் வண்டியை ஒரு மாணவனுக்கு எழுநூறு டாலருக்குக் கொடுத்தேன். அவன் அறுநூறு கேட்டான். எல்லோருக்கும் இதே விலைதான் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது உங்கள் விஷயம். எந்த மாடல் என்று நீங்கள் சொல்லவில்லை. 2002 வரை வந்த எஸ் வரிசை என்றால், ஆயில் குச்சியை நீங்களே உருவிப் பாருங்கள், விற்பவர் சொல்வதைக் கேட்காதீர்கள். 2003 முதல் 2007 வரை வந்த அயான் மாடல் என்றால், 2014-இல் சாவி சுவிட்சுக்காகத் திரும்ப அழைத்த கார்களில் அதுவும் ஒன்று. ஓடும்போதே எஞ்சின் அணைந்து ஏர்பேக் விரியாமல் போகும் கோளாறு. இந்தக் கோளாறுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 124 உயிரிழப்புகளுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தது. சுவிட்ச் மாற்றியதற்கான தாள் இல்லையென்றால், வண்டியின் அடையாள எண்ணைப் போட்டு அரசுத் தளத்தில் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். வியூ என்ற மாடலில் ஆரம்ப காலத்தில் வந்த சி.வி.டி என்ற தானியங்கி கியர்பெட்டி வேண்டவே வேண்டாம். எஞ்சின் பாகங்கள் இன்னும் கிடைக்கும். பிளாஸ்டிக் தகடு உடைந்தால் காயலான் கடைதான் கதி, நிறம் பொருந்தாது.

விலை என்ன சொல்கிறார்? மேட்டையாவது சும்மா கேட்டு வாங்குங்கள்.