கடல் நுண்பாசியில் டீசல்: கேள்வி பதில்

கேள்வி (வேதாரண்யம்): ஐயா, கைவிட்ட உப்புப் பாத்தியில் ஒரு சென்ட் அளவுக்கு நுண்பாசி வளர்த்தால் எவ்வளவு டீசல் கிடைக்கும்?

பதில்: ஒரு சென்ட் சுமார் 40 சதுர மீட்டர். துடுப்புச் சக்கரம் சுழலும் குளத்தில் நன்றாக வளர்ந்தால் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 20 கிராம் உலர்பாசி. மொத்தம் 800 கிராம். கால் பங்கு எண்ணெய் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் கால் லிட்டர் தேறாது. லிட்டருக்கு அரை கிராம் பாசிதான் மிதக்கும் என்பதால், அதற்காகத் தினமும் 1,600 லிட்டர் உப்புநீரை வடிக்க வேண்டும். இதற்கு வளர்க்கும் நானோகுளோரோப்சிஸ் என்ற நுண்பாசியின் செல் சில மைக்ரான்தான். வேட்டியில் வடித்தால் எல்லாம் ஓடிவிடும். வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் வைத்தால் மின்கட்டணம் எண்ணெயை விழுங்கும். கோடையில் ஆவியாகும் நீருக்கு ஈடாகக் கடல்நீரையே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், நன்னீர் வேண்டும். வேதாரண்யத்தில் அதற்கு எங்கே போவீர்கள்?

கேள்வி (மண்டபம்): நாங்கள் வளர்க்கும் கப்பாபைகஸ் கடற்பாசியில் டீசல் எடுக்கலாமா?

பதில்: அது பெரும்பாசி. எண்ணெய் மிகக் குறைவு. உணவைக் கெட்டியாக்கும் காராஜீனன் எடுக்கவே விற்றுவிடுங்கள்.

கேள்வி (கோவை): 60 சதவீதம் எண்ணெய் தரும் இனம் உண்டாமே?

பதில்: சதவீதத்தை நம்பிப் பணம் போடாதீர்கள். நைட்ரஜனை நிறுத்திப் பட்டினி போட்டால் செல்லுக்குள் எண்ணெய் ஏறும், பெருக்கம் படுத்துவிடும். அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை நடத்திய திட்டத்தில் கண்டதும் அதுதான்.

கேள்வி (மீண்டும் கோவை): அந்தத் திட்டத்தை எண்ணெய் நிறுவனங்கள் முடக்கின. நீங்கள் மறைக்கிறீர்கள்.

பதில்: தம்பி, 1998இல் வந்த இறுதி அறிக்கை யாரும் படிக்கக் கிடைக்கிறது. நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் 1,000 சதுர மீட்டர் குளங்களில் வளர்த்தார்கள். இரவுக் குளிர் விளைச்சலைக் கெடுத்தது. கச்சா எண்ணெய் விலையோடு போட்டியிடவும் முடியவில்லை. எண்ணெய் நிறுவனமான எக்ஸான் 2009இல் மரபணு விஞ்ஞானி கிரெய்க் வென்டரின் நிறுவனத்தோடு கைகோத்து 60 கோடி டாலர் வரை செலவிடுவதாக அறிவித்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் விலகியது. முடக்க வந்தவர்கள் இத்தனை ஆண்டுகள் ஏன் காத்திருந்தார்கள்?

கேள்வி (இன்னும் கோவை): விளம்பரத்துக்காக!

பதில்: விளம்பரம் நிறையவே செய்தார்கள், மறுக்கவில்லை. அதனால் அந்த 1,600 லிட்டர் தண்ணீர் குறைந்துவிடாது.

கேள்வி (சென்னை): ஓர் ஏக்கருக்கு எத்தனை லிட்டர்?

பதில்: முதல் பதிலை நூறால் பெருக்குங்கள். தண்ணீரையும் மின்கட்டணத்தையும் சேர்த்துத்தான்.

கேள்வி (நாகர்கோவில்): ஈரப் பாசியிலேயே மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்க்கலாமா?

பதில்: சோப்புதான் மிஞ்சும். மெத்தனால் கண்பார்வையைப் பறிக்கும், அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். வீட்டில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி (சேலம்): 70 சதவீத இனம்...

பதில்: கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): இறால் குஞ்சுகளுக்கு நானோகுளோரோப்சிஸ் போதுமா?

பதில்: இப்படிக் கேளுங்கள்! அது ரோட்டிஃபர் என்ற மிக நுண்ணிய நீர்வாழ் உயிரை வளர்க்க ஏற்றது. இறாலின் இளம்பருவத்துக்குக் கீட்டோசெராஸ் என்ற நுண்பாசி வேண்டும். உங்கள் ஊரிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. தாய்வளர்ப்பு, அதாவது வளர்ப்பைத் தொடங்கும் விதைப் பாசி பற்றி அங்கே விசாரியுங்கள்.