கஷ்ட காலத்தில் கர்நாடக இசை மனிதரை எப்படி ஒன்றுசேர்க்கிறது?

சங்கீதம் படிக்காதவர்களைக்கூட இந்த இசை எப்படி இணைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: தாளம்.

ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, மூன்று விரல், அப்புறம் தட்டும் வீச்சும் இரண்டு தரம். பாடத் தெரியாதவரும் தொடையில் போடலாம். பாடுகிறவரின் கையும் கேட்கிறவரின் கையும் ஒன்றாக விழும்.

2009இல் இலங்கையின் செட்டிகுளத்தில், போரால் இடம்பெயர்ந்தவர்களின் முகாம் ஒன்றில் இதைக் கண்ணால் பார்த்தேன். பின்னேரம், தண்ணீருக்கு நீண்ட வரிசை. எனக்கு முன்னால் நின்ற சங்கீத ரீச்சர் ஒருவர் கல்யாணி ராகத்தை மெல்ல முணுமுணுத்தார். பின்னால் நின்ற ஐயாவின் விரல்கள் வெறும் வாளியில் தட்டத் தொடங்கின. என்ன சுத்தமான தட்டு! தவில் பழகிய விரல் என்று உடனே தெரிந்தது. பல நாளாக ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் நின்ற வரிசை அது. ரீச்சர் திரும்பி, "ஐயா எந்த ஊர்?" என்றார். "முள்ளியவளை பிள்ளை." வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் அவரின் தவிலை ரீச்சர் முன்பே கேட்டிருந்தாராம்.

வன்னியில் பெரும்பாலும் கோயில் வீதிதான் எங்கள் சபை. சாமி புறப்படும்போது நாதஸ்வரத்தில் மல்லாரி என்ற புறப்பாட்டு இசை, வழக்கமாகக் கம்பீரநாட்டை ராகத்தில். அதற்குப் பாட்டு வரியே கிடையாது. தோட்டத்தில் இருந்து நேரே வந்தவருக்கும் வித்துவானுக்கும் அங்கே ஒரே இடம்தான். முகாமில் அந்த வீதி இல்லை, வாளி இருந்தது.

இசை பசியைத் தீர்க்காது, சரி. ஆனால் மறுநாள் ஐயாவின் வாளியையும் சேர்த்து ரீச்சர்தான் வரிசையில் வைத்தார்.